சங்கின் முனையில் எஞ்சிய பிள்ளைப்பருவம்

சென்னை தேனாம்பேட்டையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தெரிவதில்லை. அண்ணா சாலையின் ஊர்திப் பெருக்கமே தெரியும். ஆயினும் தமிழகக் கடலின் மீன், முத்து, சங்கு ஆகியவற்றின் கணக்குகள் நெடுங்காலம் அங்குள்ள டி.எம்.எஸ். வளாகத்தின் கோப்புகளில்தான் அடங்கியிருந்தன. 1907-ஆம் ஆண்டு மதராஸ் மாகாணத்தில் தொடங்கப்பெற்ற மீன்துறையின் தலைமை அலுவலகம், பின்னாளில் பல்லாண்டுகள் அவ்வளாகத்திலிருந்தே இயங்கி, அண்மைக் காலத்தில் நந்தனத்திற்கு இடம் பெயர்ந்தது. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த சங்குகளின் எண்ணிக்கையும் விலையும் விதிமுறைகளும் அத்துறையின் ஏடுகளில் பதிவாயின.

அவ்விதிமுறைகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. குறிப்பிட்ட விட்டத்திற்குக் குறைந்த சங்கு கையில் கிடைத்தாலும் அதனை மீண்டும் கடலிலேயே விட்டுவிடவேண்டும் என்பது அவ்விதி. சிறியதை விட்டால் பெரிதாகும் என்னும் பொதுவறிவே இதற்குப் போதுமானது என்று தோன்றலாம். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் பொருந்துவதைக் காட்டிலும் சங்கிற்கு இவ்விதி ஏன் இன்றியமையாதது என்று வினவினால், விடை சங்கின் உச்சியில், சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஒரு குமிழில் இருக்கிறது. அந்தக் குமிழின் பொருளை முழுமையாக உணரவேண்டுமாயின் நாம் அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகள் வரையிலும், அவற்றுக்கும் முந்திய கடல்கள் வரையிலும் செல்லவேண்டியுள்ளது. அப்பயணத்தையே ஈண்டு மேற்கொள்கிறோம்.

ஓடு தன் வரலாற்றைச் சுமக்கும் முறை

மனிதனின் எலும்பு வளரும்போது பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகிறது. ஆகவே ஐம்பது வயதினரின் எலும்பில் அவருடைய மழலைப் பருவத்து எலும்பைத் தேடிக் காணவியலாது. நத்தையின் ஓடு அவ்வாறு வளர்வதில்லை. மேன்டில் எனப்படும் மெல்லிய தசைப்போர்வையின் விளிம்பு, ஓட்டின் வாய்ப்புறத்தில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே செல்கிறது. முன்பு கட்டியது அப்படியே நிற்க, அதன் தொடர்ச்சியாகப் புதியது கட்டப்படுகிறது. எனவே ஓட்டின் வாய் அதன் இன்றைய நாள் என்றால், உச்சிமுனை அதன் முதல் நாளாகும். உடைந்தோ தேய்ந்தோ போகாதவரை, முதிர்ந்த நத்தை ஒவ்வொன்றும் தன் பிறப்புச் சான்றினைத் தலையில் சுமந்துகொண்டே திரிகிறது.

இந்த உச்சிப் பகுதியை நாம் இக்கட்டுரையில் முனை ஓடு என்று அழைப்போம். கடல் நத்தைகள் பலவற்றில் முனை ஓடு இரு பகுதிகளாகப் பிரிந்து காணப்படும். முட்டைக்குள் இருக்கும்போதே உருவாவது கருநிலை ஓடு. முட்டையிலிருந்து வெளிப்பட்டு, கடல்நீரில் மிதந்து திரியும் காலத்தில் அதன்மேல் சேர்வது இளம்பருவ ஓடு. மிதக்கும் அந்த இளவுயிரிக்கு அறிவியலாளர் வெலிஜர் என்று பெயரிட்டுள்ளனர். பாய்மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயருக்கேற்ப அதன் தலைப்புறத்தில் நுண்மயிர்கள் அடர்ந்த இரு மடல்கள் விரிந்திருக்கும். அம்மயிர்கள் அசைவதனால் அது நீந்துகிறது. அவற்றைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத பாசித் துகள்களை வாரி உண்கிறது.

உரிய காலம் வந்ததும் இளவுயிரி கடலடியில் இறங்குகிறது. மடல்கள் மறைகின்றன, ஊரும் பாதம் பணியைத் தொடங்குகிறது. அன்றுமுதல் கட்டப்படுவது முதிர்நிலை ஓடு. இந்த மாற்றம் ஓட்டில் ஒரு கோடாகப் பதிந்துவிடுகிறது. கோட்டிற்கு முன்னுள்ள புரிகளில் நுண்ணிய வலைப்பின்னல் போன்ற வரிகள் இருக்கலாம்; கோட்டிற்குப் பின் வேறு வகைக் கோலம் தொடங்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பவருக்கு, ஓர் உயிர் மிதந்து திரிந்த வாழ்வை விட்டுத் தரையில் காலூன்றிய நாள் இன்னதென்று அக்கோடு காட்டிவிடுகிறது.

மிதந்து செல்வனவும் ஊர்ந்து பிறப்பனவும்

எல்லா நத்தைகளும் இந்த மிதவைப் பருவத்தைக் கடப்பதில்லை. சில இனங்கள் மிகப் பல சிறு முட்டைகளை இட்டு, உணவூட்டம் ஏதுமின்றிக் கடலில் விடுகின்றன. இளவுயிரிகள் தாமே உண்டு, வாரக்கணக்கிலும் சிலபோது மாதக்கணக்கிலும் மிதந்து வளர்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ருடால்ஃப் ஷெல்டெமா 1960-களிலும் 1970-களிலும் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் வலை வீசி, கரையோர நத்தைகளின் இளவுயிரிகள் பெருங்கடலையே கடந்து செல்வதைக் கண்டறிந்தார். வேறு சில இனங்களோ குறைந்த எண்ணிக்கையில் கருக்களைப் பேணி, மஞ்சட்கருவோ பிற ஊட்டமோ நிறைத்து, முட்டையுறைக்குள்ளேயே வளர்த்து, ஊர்ந்து செல்லும் குஞ்சுகளாகவே வெளியே அனுப்புகின்றன.

இவ்விரு வழிகளும் முனை ஓட்டில் தெளிவான தடயங்களை விட்டுச் செல்கின்றன. சிறு முட்டையிலிருந்து வந்ததன் தொடக்கப் புள்ளி மிகச் சிறியது. அதனைச் சுற்றி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய புரிகள் அமைந்திருக்கும். ஊட்டம் மிகுந்த முட்டையில் வளர்ந்ததன் தொடக்கம் பருத்த குமிழாக, ஒன்றிரண்டு புரிகளோடு முடிந்துவிடும். டென்மார்க் அறிஞர் குன்னர் தோர்சன் 1950-இல் இந்த உண்மையைப் பரவலாக எடுத்துரைத்தார். 1974-இல் ஜப்பானிய அறிஞர் சூட்டோ இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். முனை ஓட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, புரிகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். ஈவு 0.3-க்குக் குறைந்தால் அது மிதந்து வளர்ந்தது. 1-ஐத் தாண்டினால் மிதவாமல் வளர்ந்தது. இடைப்பட்டதாயின் புரிகளின் எண்ணிக்கை முடிவு சொல்லும்: மூன்றும் அதற்கு மேலும் என்றால் மிதந்தது, இரண்டேகாலுக்குக் குறைவென்றால் மிதவாதது. எளிய கணக்குத்தான், ஆனால் இறந்துபோன ஓர் உயிரின் பிள்ளைப்பருவத்தை அறிய அதுவே போதுமானதாக இருக்கிறது.

நம் வணிக வரலாற்றோடு பின்னிய இரு ஓடுகளை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமாகும். ஒன்று சோழி, மற்றொன்று சங்கு. மாலத்தீவுகளின் சோழி நாணயமாகவே வழங்கியது. கி.பி. 1343-இல் அங்குச் சென்று காழியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவினர் சோழியைக் கொடுத்து வங்காள வணிகரிடம் அரிசி பெற்ற செய்தியைப் பதிவு செய்துள்ளார். அவருக்கும் முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட அல்பிரூனி, கடலில் இடப்பட்ட தென்னங்கிளைகளில் சோழிகள் வந்து ஒட்டிக்கொள்வதையும், சோழித் தீவுகள் என்றே ஒரு தீவுக்கூட்டம் பெயர் பெற்றதையும் குறிப்பிடுகிறார். மன்னார் வளைகுடாவின் சங்கும் வங்காளத்தையே சென்றடைந்தது. டாக்காவின் கைவினைஞர்கள் அதனை அறுத்து வளையல்களாக்கினர். இரண்டும் இந்தியப் பெருங்கடலின் பொருள்கள். இரண்டும் முஸ்லிம் வணிகர் கைகளில் பயணம் செய்தவை.

ஆயினும் இவற்றின் உயிர்வாழ்வு எல்லைகள் முற்றிலும் வேறானவை. நாணயச் சோழி செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஹவாய்த் தீவுகள் வரையிலும் பரவி வாழ்கிறது. சங்கோ, இந்திய, இலங்கைக் கரைகளை அடுத்த கடலோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இந்த வேற்றுமைக்குத் தலையாய காரணம் பிள்ளைப்பருவமே. சோழியின் இளவுயிரி மிதக்கிறது. அதன் பல புரிகள் கொண்ட முனை ஓட்டை இளஞ்சோழியில் காணலாம். முதிர்ந்த சோழியில் பளபளப்பான மேற்பூச்சு அதனை மூடிவிடுகிறது. சங்கின் குஞ்சு மிதப்பதே இல்லை. தாய்ச் சங்கு, முறுக்கிய ஆட்டுக்கொம்பினைப் போன்ற நீண்ட முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கிறது. அதன் ஒவ்வோர் அறையிலும் பல கருக்கள் தொடங்கினும் சிலவே நிறைவளர்ச்சி பெற்று, சிறு சங்குகளாகவே ஊர்ந்து வெளிவருகின்றன. மதராஸ் மீன்துறையில் முத்து, சங்கு குளிப்புகளின் கண்காணிப்பாளராக இருந்து பின்னர் இயக்குநராக உயர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில் இவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்துள்ளார். சங்கின் உச்சியில் முலைக்காம்பு போல் நிற்கும் பருத்த குமிழ், அந்த முட்டைக்கூட்டு வாழ்க்கையின் எச்சமாகும்.

பாறையிலுள்ள சிப்பிகள்

உயிருள்ள நத்தையில் காணும் இத்தடயத்தை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன நத்தையிலும் காணவியலுமா என்பது அடுத்த வினா. கடலிலிருந்து தொலைவில், வறண்ட நிலத்தில் கிடைக்கும் சிப்பிகளைக் கண்டு சிந்தித்தவர்களுள் முற்பட்டோர் வரிசையில் நம் அறிஞர்கள் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஹிஜ்ரி 416, அதாவது கி.பி. 1025-இல் நிறைவு செய்த நில அளவையியல் நூலில், அரேபியப் பாலைநிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று அல்பிரூனி எழுதுகிறார். அங்குக் கிணறு தோண்டும்போது வெளிப்படும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகள் இருப்பதையே அவர் சான்றாகக் காட்டுகிறார். இந்தியச் சமவெளி பற்றி எழுதும்போதும், மலையை அடுத்த ஆறுகளில் கற்கள் பெரியனவாகவும், செல்லச் செல்லச் சிறியனவாகவும், கடலை அணுகும்போது மணலாகவும் மாறுவதை நோக்கி, இந்நிலம் முழுவதும் ஆற்று வண்டலால் நிரம்பிய பழங்கடல் என்று கணித்தார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் மலைகளில் காணப்படும் கடலுயிர்களின் கல்வடிவங்களைப் பற்றி விளக்கம் எழுதியுள்ளார்.

சிப்பி கிடைத்தமையால் கடல் இருந்தது என்று காட்டியது அந்தத் தலைமுறையின் சாதனை. அந்தச் சிப்பிக்குள் வாழ்ந்த உயிர் தன் இளமையில் எவ்வாறு வாழ்ந்தது என்று கேட்பதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பகுதியின் வரிகளைத் தெளிவாகப் படமெடுக்கும் மின்னணு நுண்ணோக்கி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலான பின்னரே இத்துறை வேகம் கொண்டது. கெட்டியான பாறையை உடைத்தால் முனை ஓடு பெரும்பாலும் உடைந்துவிடும். ஆகவே களிமண் படிவுகளை நீரில் கரைத்து, நுண்சல்லடையில் சலித்து, எஞ்சும் துகள்களைத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். பொறுமையே இங்கு முதன்மைக் கருவி.

ஐம்பது கோடி ஆண்டுகளின் மாற்றம்

பரிணாமம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மிடையே மனிதத் தோற்றம் பற்றிய வாதமே முந்தி நிற்கிறது. ஈண்டு நாம் பேசுவது, கீழிருந்து மேலாக அடுக்கப்பட்ட பாறைகளில் எடுத்து அளந்து பார்க்கத்தக்க ஓட்டு வடிவ மாற்றங்களை. அவற்றை அமைதியாக நோக்கினால் ஒரு தெளிவான வரிசை புலப்படுகிறது.

கேம்பிரியக் காலம் என்பது 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 48 கோடி ஆண்டுகள் முன்வரை நீடித்தது. அக்கால மெல்லுடலிகளின் தொடக்க ஓடுகள் பெரியனவாகவும், உண்டு மிதந்த பருவத்தின் அடையாளம் இல்லாதனவாகவும் உள்ளன. அதாவது, கடலின் மேற்பரப்பில் மிதந்து பாசியை உண்ணும் நத்தைக் குஞ்சுகள் அந்நாளில் இருந்தமைக்குச் சான்று இல்லை. அடுத்து வந்த ஆர்டோவிசிய, சைலூரியக் காலங்களிலேயே உண்மையான இளம்பருவ ஓடுகள் தோன்றுகின்றன. ஜெர்மனியின் அலெக்சாண்டர் நியூட்செலும் அவருடன் பணியாற்றியோரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றத்தை எடுத்துக்காட்டியது.

இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது? கடலடியில் வடிகட்டி உண்ணும் உயிரினங்கள் ஆர்டோவிசியக் காலத்தில் பெருகின. தரையில் முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு இரையாகும் இடர் மிகுந்தது. மேலே நீர்ப்பரப்பிலோ நுண்பாசிகள் என்னும் உணவு மலிந்திருந்தது. கீழே இடரும் மேலே உணவும் இருந்த அந்நிலையில், இளமையை மேலே கழித்த இனங்கள் பயன் பெற்றிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

அடுத்த மாற்றம் இன்னும் சுவையானது. ஆர்டோவிசியக் காலம் முதல் டெவோனியக் காலம் வரையிலான நத்தைகள் பலவற்றின் முனை ஓடு, இன்றைய நத்தைகளைப் போல் இறுகச் சுருண்டதன்று. தூண்டில் முள் போலவோ, ஆட்டுக்கடாவின் கொம்பு போலவோ, புரிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே இடைவெளி விட்டு வளைந்திருந்தது. அவற்றின் முதிர்நிலை ஓடு இறுகச் சுருண்டிருந்தபோதும் முனை மட்டும் தளர்ந்து நின்றது. நியூட்செலும் செக் நாட்டு அறிஞர் ஜிரி ஃப்ரீடாவும் 2003-இல் பாறை அடுக்கு வாரியாக இவற்றைக் கணக்கிட்டபோது, இத்தளர்ந்த வகை டெவோனியக் காலத்தினூடே படிப்படியாக அருகியதும், இறுகச் சுருண்ட வகை அதன் இடத்தைப் பிடித்ததும் தெரியவந்தன. டெவோனியம் முடிந்தது 36 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்.

இதற்கு அவர்கள் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. மிதவை உலகம் முதலில் பாதுகாப்பானதாக இருந்தது. பின்னர் அங்கும் இரைதேடுவோர் வந்து சேர்ந்தனர். தளர்ந்த ஓட்டை உடைப்பது எளிது. இறுகச் சுருண்டதில் ஒரு புரி மற்றொரு புரிக்குச் சுவராக நிற்பதால் வலிமை மிகுதி. ஆகவே ஓட்டின் வடிவத்தில் காணும் மாற்றம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உலகில் நிகழ்ந்த ஒரு போராட்டத்தின் பதிவாகிறது. மிதவை உயிரிகள் பெரும்பாலும் எலும்பும் ஓடும் இன்றி அழிந்துவிடுவன. அவ்வுலகைப் பற்றி நமக்குச் சாட்சி கூறும் சிலவற்றுள், நத்தையின் உச்சிமுனையும் ஒன்று.

பின்வந்த காலங்களில் வேறொரு விந்தையும் பெருகியது. நத்தைகளின் ஒரு பெரும் பிரிவில் இளம்பருவ ஓடு இடப்புறமாகச் சுழல, முதிர்நிலை ஓடு வலப்புறமாகச் சுழல்கிறது. ஒரே ஓட்டில் இரு திசைகள்! முதிர்ந்த ஓட்டின் வடிவம் எவ்வளவு ஏமாற்றினும், உச்சியிலுள்ள இத்திருப்பம் அந்நத்தை எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே இன்று தொல்நத்தைகளை வகைப்படுத்துவோர் முதலில் தேடுவது முனை ஓட்டைத்தான்.

அரியலூர்க் கடல்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் வயல்களுக்கு அடியில் ஒரு கடலின் வரலாறு அடுக்கடுக்காக உள்ளது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முந்திய உத்தத்தூர்ப் படிவுகள் அடியிலும், அவற்றின்மேல் திருச்சிராப்பள்ளிப் படிவுகளும், அதன்மேல் அரியலூர்ப் படிவுகளும், இறுதியாகச் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நின்னியூர்ப் படிவுகளும் அமைந்துள்ளன. மதராஸ் ஆட்சிப்பணியைச் சேர்ந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் 1840-களின் தொடக்கத்தில் இப்பகுதியிலும் விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளிலும் திரட்டிய படிவங்களை, இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். அவற்றுள் இருந்த தொல்சோழிகளுக்குக் கேய், கன்லிஃப் ஆகியோரின் பெயர்களையே சூட்டினார். மாலத்தீவுச் சோழியின் தொலைதூர உறவினர்கள் திருச்சிராப்பள்ளிச் சீமையின் பழங்கடலில் வாழ்ந்திருந்தன என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியை முறையாக அளந்து 1862-இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். அவர் திரட்டியவற்றை ஆராயும் பொறுப்பு, மொராவியாவில் பிறந்து அதே ஆண்டு அத்துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. நத்தைகளுக்கென்றே ஒரு பெருந்தொகுதியை அவர் 1867, 1868 ஆண்டுகளில் வெளியிட்டார். துரிட்டெல்லா என்னும் திருகாணி போன்ற நத்தைகள் முதல் வால்யூட் குடும்பத்துப் பெருநத்தைகள் வரை அதில் படங்களோடு இடம்பெற்றன. 1874-இல், முப்பத்தாறு வயதில், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயர்மலைப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தென்னிந்தியத் தொல்நத்தைகளைப் பற்றிப் பேசுவோர் அவருடைய ஏட்டைத் திறக்காமல் பேசுவதற்கில்லை.

அக்காலத்தில் இந்தியா ஆசியாவோடு இணைந்திருக்கவில்லை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, தனித்த பெருந்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் அரியலூர்ப் பகுதியின் கடலுயிர்களுக்கும் மடகாஸ்கர், தென்னாப்பிரிக்காவின் பாண்டோலாந்து ஆகிய இடங்களின் கடலுயிர்களுக்கும் உள்ள ஒற்றுமையை நிலவியலாளர் நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளனர். ஊர்ந்து செல்லும் நத்தை ஆழ்கடலைக் கடப்பது எங்ஙனம்? மிதக்கும் இளவுயிரியே இவ்வினாவிற்கு முதல் விடை. எந்தெந்த இனங்கள் மிதந்து கடந்தன, எவை தத்தம் கரையிலேயே தங்கிப்போயின என்பதை ஒவ்வோர் இனத்தின் முனை ஓடும் தனித்தனியே சொல்லவல்லது.

நெடிது வாழ்ந்தோரும் பேரழிவும்

பிள்ளைப்பருவம் ஓர் இனத்தின் ஆயுளையே தீர்மானிக்கவல்லது என்பது இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள, டைனோசர்களுக்குப் பிற்பட்ட காலத்துப் படிவுகளில் வால்யூட் குடும்பத்து நத்தைகளை ஆராய்ந்த தோர் ஹேன்சன், 1978-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மிதக்கும் இளவுயிரி கொண்ட இனங்கள் சராசரியாக 40 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தன; மிதவாத இனங்கள் அதில் ஏறத்தாழப் பாதிக் காலமே நிலைத்தன. காரணம் விளங்கக்கூடியதே. மிதக்கும் குஞ்சுடைய இனம் நெடுந்தொலைவு பரவுகிறது. ஒரு கரையில் அழிந்தாலும் மறு கரையிலிருந்து குஞ்சுகள் வந்து குடியேறிவிடுகின்றன. மிதவாத இனத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. எனினும் அது சிறு சிறு கூட்டங்களாகத் தனிமைப்படுவதால், அக்கூட்டங்கள் தனித்தனி இனங்களாகப் பிரிந்து பெருகுவதும் உண்டு. விரைவில் மறைவதும் விரைவில் கிளைப்பதும் அதன் இயல்பு.

மேலும், மிதவைப் பருவத்தைக் கைவிடுவது எளிது, மீட்பது அரிது. நத்தைகளின் பல குடும்பங்கள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே அதனைக் கைவிட்டுள்ளன. உண்டு நீந்துவதற்கான மடலும் மயிரும் ஒருமுறை மறைந்தபின் அவற்றைத் திரும்பப் பெற்ற வழித்தோன்றல்கள் மிகச் சிலவே.

டேவிட் ஜப்லோன்ஸ்கி 1986-இல் மற்றொரு கோணத்தை முன்வைத்தார். அவர் கிரெட்டேசியக் காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த கடல் மெல்லுடலிகளை ஆராய்ந்தார். சாதாரண காலங்களில் மிதக்கும் இளமை ஓர் இனத்தின் ஆயுளை நீட்டியது உண்மையே. ஆனால் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவின்போது அந்த நன்மை பயன்படவில்லை. மிதந்தவை, மிதவாதவை என்ற பாகுபாடின்றி அழிவு நேர்ந்தது. நூறு தலைமுறைகள் ஓர் இனத்தைக் காத்த இயல்பே, வேறுவகைப்பட்ட ஓர் இடர் வந்தபோது காக்கவியலாமற் போயிற்று.

நம் அரியலூர்ப் பகுதி இந்த எல்லைக்கோட்டின் இருபுறத்தையும் கொண்டிருப்பது அதன் சிறப்பு. பேரழிவுக்கு முன்னைய கடல் அரியலூர்ப் படிவுகளில் உள்ளது. பின்னர் கடல் பின்வாங்கியது. டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டு மணற்படிவுகள் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தவை. அதன்பின் மீண்டு வந்த கடலின் உயிர்கள் நின்னியூரில் உள்ளன. முன்னிருந்த நத்தைகளின் முனை ஓடுகளையும் பின்வந்தவற்றின் முனை ஓடுகளையும் எடுத்து அருகருகே வைத்தால், அழிந்த கடலில் மீண்டும் முதலில் குடியேறியவை மிதந்து வந்தவையா என்று கேட்கலாம். உலகில் இவ்வினாவைக் கேட்க இடமளிக்கும் ஊர்கள் மிகப் பலவல்ல.

காக்கவேண்டியவை இரண்டு

அரியலூரின் சுண்ணாம்புக்கல்லே தமிழகத்தின் சிமெண்ட் ஆலைகள் பலவற்றுக்கு உணவு. கருடமங்கலத்தின் சிப்பிக்கல், மெருகேற்றப்பட்டு மேசைப் பலகையாகவும் தாள்எடையாகவும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. சுரங்கம் வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. வீடும் பாலமும் நமக்கு வேண்டும். சுரங்கம் வெட்டுவதனாலேயே புதிய அடுக்குகள் கண்ணுக்குப் புலனாகின்றன என்பதும் உண்மை. ஆனால் பெரிய அம்மோனைட்டையும் சங்கு வடிவத்தையும் மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு எஞ்சியதை அரைத்துவிடும்போது, கண்ணுக்குத் தெரியாத முனை ஓடுகளே முதலில் அழிகின்றன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் அமைந்துள்ள படிவ அருங்காட்சியகத்தைக் காணச் செல்வோரும் பெரியவற்றையே கண்டு வியக்கின்றனர். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு மூட்டை களிமண்ணையாவது சலித்துப் பாதுகாக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் ஏற்பட்டால், அதற்கு ஆகும் செலவு சிறிது. கிடைக்கும் செல்வம் பெரிது.

இரண்டாவது, உயிருள்ள சங்கு. முன்னர்க் கூறிய விதியின் உட்பொருள் இப்போது விளங்கும். மன்னார் வளைகுடாவின் ஒரு சங்குப்படுகையை முற்றாக வாரி எடுத்துவிட்டால், வேறெங்கிருந்தும் இளவுயிரிகள் மிதந்து வந்து அதனை நிரப்பப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் எஞ்சியுள்ள சங்குகள் ஊர்ந்து ஊர்ந்துதான் அதனை அடையவேண்டும். மூழ்கி எடுப்பவர் கண்ணால் பார்த்து, பெரியதை எடுத்துச் சிறியதை விடுகிறார். அடித்தரையை வாரிச் செல்லும் இழுவலைக்கு அந்தக் கண் இல்லை; முட்டைக்கூடும் குஞ்சும் தாயும் ஒன்றாகவே அதில் சிக்குகின்றன. கீழக்கரையின் பழைய குளிகாரர்கள் தம் படுகைகளைச் சொந்த வயல்களைப் போல் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். ஊர்ந்து பிறக்கும் உயிரைக் காக்க அத்தகைய அறிவே உகந்தது. ஏனெனில் சங்கின் ஒவ்வொரு படுகையும் ஒரு தனி ஊர். அங்குப் பிறந்தவை அங்கேயே வாழ்கின்றன.

தேனாம்பேட்டைக் கோப்பில் ஒரு வரியாக நின்ற அவ்விதியை எழுதியவர் ஐம்பது கோடி ஆண்டு வரலாற்றை எண்ணி எழுதியிருக்கமாட்டார். படுகைகள் வற்றியதைக் கண்டே எழுதியிருப்பார். ஆயினும் அவ்விதிக்குரிய காரணம், சங்கின் உச்சியிலுள்ள குமிழில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் ஒரு சங்கு இருக்குமாயின், அடுத்த முறை அதன் வாயை நோக்குவதற்கு முன் அதன் முனையை ஒருமுறை தடவிப் பார்ப்போமாக. தேயாமல் இருந்தால், கடலடி மணலில் ஊன்றிய ஒரு முட்டைக்கூட்டில் அது கழித்த நாள்கள் நம் விரல்நுனியில் தட்டுப்படும்.